கூட்டுக் கணக்கில் அழியும் வரிகள்: பைத்துல்மால் பட்டியலைக் கைத்தவறிலிருந்து காப்பது எப்படி?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமளான் பிறை 29. நாகர்கோவில் வடசேரி வட்டாரத்தில் ஒரு மஹல்லா. மஃரிபுக்குப் பின் பிறை தென்பட்ட அறிவிப்பு வந்துவிட்டது. பள்ளி வராந்தாவில் ஃபித்ரா அரிசிப் பைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எந்தத் தெருவில் எந்த வீட்டுக்கு எத்தனை பை என்ற பட்டியல் கூகுள் ஷீட் கோப்பில் இருந்தது. வாலிபர்கள் 4 பேர் தங்கள் கைபேசிகளில் அந்தக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். அவர்களில் ஒருவர் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், நேத்து ராத்திரி 112 வீடு இருந்தது. இப்ப 111தான் காட்டுது. யாரு விட்டுப்போனாங்கன்னு தெரியல" என்றார். தேடிப் பார்க்க நேரமில்லை. இருந்த பட்டியல்படி பங்கிட்டு முடித்தார்கள்.

பெருநாள் கழிந்த மூன்றாம் நாள்தான் விஷயம் தெரிந்தது. கணவரை இழந்த ஒரு சகோதரியின் வீட்டுக்குப் பை போகவில்லை. அவர் கேட்கவும் இல்லை. "என்னைவிடக் கஷ்டப்பட்டவங்களுக்குக் கொடுத்திருப்பாங்கன்னு நினைச்சேன்" என்று மட்டும் சொன்னார். கோப்பின் பழைய பதிவுகளைப் பார்த்தபோது, முந்திய இரவு ஒருவர் புதிதாக ஒரு பெயரைச் சேர்க்கும்போது காலியான வரி என்று நினைத்து, அந்தச் சகோதரியின் வரிமேலேயே ஒட்டிவிட்டது தெரிந்தது. சின்னத் திரை, அவசரம், விரல் தவறியது. அவ்வளவுதான்.

அரிசியை அன்றே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஆனால் ஃபித்ரா பெருநாள் தொழுகைக்கு முன் சேர வேண்டியது. தொழுகைக்குப் பின் கொடுத்தால் அது மற்ற தர்மங்களைப் போல் ஒரு தர்மம் என்று நபிமொழி கூறுகிறது. ஒரு கைத்தவறு ஓர் ஏழையின் பெருநாளையும், பலருடைய அமானிதத்தையும் தொட்டுவிட்டது. யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. எண்ணம் நன்றாக இருந்தும் ஏற்பாடு சரியில்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு இது ஒரு பாடம்.

இன்று நம் ஜமாஅத்துகளில் சந்தா கணக்கு, ஜகாத் பட்டியல், குர்பானி பங்கு, மதரஸா வருகைப் பதிவு, நிக்காஹ் விவரம், மையவாடிப் பதிவு எல்லாம் கணினிக்கு வந்துவிட்டன. வீடுகளிலும் அப்படித்தான். வளைகுடாவில் இருக்கும் தம்பியும் ஊரில் இருக்கும் அண்ணனும் வீடு கட்டும் செலவை ஒரே கோப்பில் எழுதுகிறார்கள். திருமண அழைப்புப் பட்டியலை உம்மாவும் மகளும் மருமகளும் சேர்ந்து திருத்துகிறார்கள். ஆகவே இதை எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

எழுதி வைப்பது மார்க்கக் கடமையோடு சேர்ந்தது

திருக்குர்ஆனில் மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ இல்லை. கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும், கடன்பட்டவர் வாசகத்தைச் சொல்ல வேண்டும், சாட்சிகள் இருக்க வேண்டும், தொகை சிறிதானாலும் பெரிதானாலும் எழுதச் சலிக்கக் கூடாது என்றெல்லாம் அந்த வசனம் விளக்குகிறது. எழுதுபவருக்கோ சாட்சிக்கோ இடையூறு செய்யக் கூடாது என்றும் சொல்கிறது. சந்தேகம் வராமல் இருப்பதற்கு இதுவே நெருக்கமான வழி என்ற காரணத்தையும் அது சுட்டுகிறது.

எழுதுவதன் நோக்கமே சந்தேகத்தை நீக்குவது. எழுதியது யாருக்கும் தெரியாமல் மாறிவிடும் என்றால் அந்த நோக்கம் நிறைவேறாது.

"எல்லாம் எனக்கு ஞாபகத்தில் இருக்கிறது" என்று சொல்லும் பொருளாளர்களை நாம் பார்த்திருக்கிறோம். நம் நாஞ்சில் மண்ணில், இடலாக்குடியில் பிறந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா அரங்கில் ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனித்துப் பதில் சொல்லிச் சதாவதானி என்ற பட்டம் பெற்றார். அது அல்லாஹ் அபூர்வமாக ஒருவருக்குக் கொடுத்த ஆற்றல். நமக்கெல்லாம் ஏடுதான் துணை.

ஒரு வரி எப்படி அழிகிறது?

கணினியில் கட்டம் போட்டுக் கணக்கு எழுதும் மென்பொருள் 1979இல் விசிகால்க் என்ற பெயரில் வந்தது. ஒருவர், ஒரு கணினி, ஒரு கோப்பு என்ற கணக்கில் உருவானது அது. பலர் இணையத்தில் ஒரே கோப்பைத் திறந்து எழுதும் வசதி கூகுளில் 2006இல்தான் வந்தது. இன்று கூகுள் ஷீட்டில் 100 பேர் வரை ஒரே நேரத்தில் திறந்து வேலை செய்யலாம். கைகள் பெருகியதும் தவறும் பெருகியது. நாம் பார்த்த வகையில் தவறு இந்த வழிகளில் வருகிறது.

முதலாவது, பிரதி எடுத்து அனுப்புவது. செயலாளர் கோப்பை வாட்ஸ்அப்பில் பொருளாளருக்கு அனுப்புகிறார். பொருளாளர் வீட்டில் இருந்து 20 சந்தாக்களைப் பதிகிறார். அதே நேரம் செயலாளர் பள்ளிக் கணினியில் 15 சந்தாக்களைப் பதிகிறார். பிறகு பொருளாளர் தன் பிரதியைப் பழைய பெயரிலேயே பள்ளிக் கணினியில் சேமிக்கிறார். செயலாளர் எழுதிய 15ம் போய்விடும். கடைசியாகச் சேமித்தவர் எழுதியது மட்டும் நிற்கும். இதில் எந்த எச்சரிக்கை மணியும் அடிப்பதில்லை. 'இந்தப் பெயரில் கோப்பு இருக்கிறது, மாற்றவா?' என்று கணினி கேட்கும். நாம் படிக்காமலேயே 'ஆம்' என்று அழுத்துவோம்.

இரண்டாவது, ஒரே கட்டத்தில் இருவர் எழுதுவது. கூகுள் ஷீட்டில் இன்னொருவர் நிற்கும் கட்டத்தைச் சுற்றி வண்ணக் கோடு தெரியும். கைபேசியில் அது கண்ணில் படாது. இருவரும் எழுதினால் பின்னவர் எழுதியதே நிற்கும்.

மூன்றாவது, வரிசைப்படுத்துவது. பெயர்களை அகர வரிசையில் பார்க்க ஆசைப்பட்டு, பெயர் உள்ள நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திவிட்டால் பெயர்கள் இடம் மாறும். தொகையும் தொலைபேசி எண்ணும் அப்படியே நிற்கும். ஒருவர் கட்டிய சந்தா இன்னொருவர் பெயரில் ஏறிவிடும். எக்செல் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்கும். பக்கத்து நெடுவரிசைகளையும் சேர்த்துக்கொள்ளும் தேர்வைத்தான் எடுக்க வேண்டும். நடுவில் ஒரு நெடுவரிசை முழுதும் காலியாக இருந்தால், அதற்கு அந்தப் பக்கம் உள்ளவற்றை எக்செல் சேர்க்காது. ஆகவே அழகுக்காகக் காலி நெடுவரிசை விடாதீர்கள்.

நான்காவது, கூட்டல் கட்டத்தில் கையால் எண் எழுதுவது. மொத்தத் தொகை வரும் கட்டத்தில் சூத்திரம் இருக்கும். யாரோ அதில் நேரடியாக 45,000 என்று எழுதிவிட்டால் சூத்திரம் போய்விடும். அதன்பின் எத்தனை பேர் சந்தா கட்டினாலும் மொத்தம் 45,000 என்றே காட்டும்.

ஐந்தாவது, போன ஆண்டுக் கோப்பைத் திறந்து இந்த ஆண்டுக்கு மாற்றுவது. கூகுள் ஷீட்டில் சேமி என்ற பொத்தானே இல்லை. ஒவ்வோர் எழுத்தும் தானாகச் சேமிக்கப்படும். ஒன்டிரைவில் வைத்த எக்செல் கோப்பும் தானியங்கிச் சேமிப்பு இயங்கினால் அப்படியே. போன ஆண்டு குர்பானிப் பட்டியலைத் திறந்து பெயர்களை மாற்றத் தொடங்கினால் போன ஆண்டின் கணக்கு அழிகிறது என்று பொருள். முதலில் பிரதி எடுத்து, பெயர் மாற்றி, அதன் பிறகே கை வைக்க வேண்டும்.

ஆறாவது, கணினியே மாற்றுவது. கதவு எண் 12/5 என்று எழுதினால் கணினி அதைத் தேதியாக எடுத்துக்கொண்டு மே மாதம் என்றோ டிசம்பர் மாதம் என்றோ மாற்றிவிடும். தொலைபேசி எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யத்தை விழுங்கிவிடும். இது உலக அளவில் உள்ள தொல்லை. மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயர்கள் மார்ச், செப்டம்பர் மாதங்களைப் போல இருந்ததால் எக்செல் அவற்றைத் தேதியாக மாற்றியது. ஆய்வுக் கட்டுரைகளில் கூடத் தவறு நுழைந்தது. கடைசியில் பெயரிடும் விஞ்ஞானிகள் குழு அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றி, அதற்கான விதிமுறையை 2020இல் வெளியிட்டது. நாம் கதவு எண்ணை மாற்ற முடியாது. எனவே அந்த நெடுவரிசையை எண்கள் எழுதும் முன்பே 'பிளெயின் டெக்ஸ்ட்' என்ற வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

சத்தமில்லாமல் போவதுதான் ஆபத்து

2020ஆம் ஆண்டு கொரோனா காலத்தில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பரிசோதனைக் கூடங்கள் அனுப்பிய முடிவுகளைப் பழைய எக்செல் வடிவக் கோப்பில் ஏற்றினார்கள். அந்த வடிவத்தில் ஒரு தாளில் 65,536 வரிகள்தான் கொள்ளும். அதற்கு மேல் வந்தவை உள்ளே ஏறவில்லை. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேரின் தொற்று விவரம் அன்றன்றைய கணக்கில் வரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலையும் தாமதமானது. பெரிய அரசு, பெரிய நிறுவனம், படித்த ஊழியர்கள். அப்படியிருந்தும் எத்தனை வந்தன, எத்தனை ஏறின என்று எண்ணிப் பார்க்கும் ஏற்பாடு இல்லாததால் தவறு ஒரு வாரம் மறைந்திருந்தது.

நம் மஹல்லாவில் 112, 111 என்ற எண்ணிக்கையைக் கவனித்த அந்த வாலிபரைப் பாராட்ட வேண்டும். அவர் கவனித்தார். அடுத்து என்ன செய்வது என்பது யாருக்கும் தெரியாததுதான் குறை.

முன்னோர் காட்டிய வழி

மதரஸாவில் ஓதிய காலத்தில் நாம் படித்த சில விஷயங்கள் இந்த இடத்தில் ஞாபகம் வருகின்றன. புனிதமானவற்றை நம் கணக்குக் கோப்போடு ஒப்பிடும் எண்ணம் நமக்கு இல்லை. அவர்களின் பேணுதலிலிருந்து பாடம் பெறுவதே நோக்கம்.

யமாமா போருக்குப் பின் அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் குர்ஆனை ஏடுகளில் ஒன்றுசேர்த்தார்கள். அந்த ஏடுகள் அபூபக்ர் (ரலி), பிறகு உமர் (ரலி), பிறகு அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் பாதுகாப்பாக இருந்தன. உஸ்மான் (ரலி) அவர்கள் பிரதிகள் எடுக்க விரும்பியபோது ஹஃப்ஸா (ரலி) அவர்களிடமிருந்து மூல ஏடுகளைக் கேட்டு வாங்கினார்கள். பிரதி எடுக்க ஒரு குழுவை நியமித்தார்கள். வேலை முடிந்ததும் மூலத்தை ஹஃப்ஸா (ரலி) அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். மூலம் ஒன்று, அதற்குப் பொறுப்பாளர் ஒருவர், பிரதி எடுப்பவர்கள் இன்னார் என்ற ஒழுங்கு இதில் இருக்கிறது.

ஹதீஸ் கலை அறிஞர்கள் ஏடு எழுதும் ஒழுக்கத்தையும் தனிப் பாடமாக எழுதியிருக்கிறார்கள். தவறாக எழுதிவிட்டால் சுரண்டி அழிக்காமல், எழுத்து தெரியும்படி மேலே ஒரு கோடு இடுவதே சிறந்தது என்பது அவர்களின் முறை. இதை 'ளர்ப்' என்பார்கள். அழித்துவிட்டால் அங்கே முன்பு என்ன இருந்தது என்பது தெரியாமல் போகும், சந்தேகம் வரும். அதேபோல் பிரதி எடுத்தபின் மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்பதை 'முகாபலா' என்பார்கள். ஒப்பிடாத பிரதிக்கு மதிப்பில்லை என்று கருதினார்கள்.

மூலம் ஒன்று, பொறுப்பாளர் ஒருவர், அழிக்காமல் திருத்துவது, ஒப்பிட்டுப் பார்ப்பது. இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டால் கணினிக் கோப்பையும் காக்கலாம்.

தடுக்கும் வழிகள்

1. ஒரே கோப்பு, ஒரே இணைப்பு. கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவதை நிறுத்துங்கள். இணைப்பை மட்டும் அனுப்புங்கள். பென் டிரைவில் எடுத்துப்போய்த் திருத்தும் பழக்கம் வேண்டாம். யாராவது பிரதி எடுத்தே ஆக வேண்டும் என்றால் கோப்பின் பெயரிலேயே 'பார்க்க மட்டும்' என்று தேதியோடு எழுதிவிடுங்கள்.

2. எல்லோருக்கும் எழுதும் உரிமை தேவையில்லை. கூகுள் ஷீட்டில் பகிரும்போது வியூவர், கமெண்டர், எடிட்டர் என்று 3 நிலைகள் உண்டு. வியூவர் பார்க்கலாம். கமெண்டர் குறிப்பு எழுதலாம், உள்ளே மாற்ற முடியாது. எடிட்டர்தான் மாற்றலாம். நிர்வாகக் குழுவில் 11 பேர் இருந்தால் எடிட்டர் 2 அல்லது 3 பேர் போதும். மற்றவர்கள் 'இந்த வீட்டு எண் தவறு' என்று குறிப்பு எழுதட்டும். எடிட்டர் பார்த்துத் திருத்துவார். இதில் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை. பள்ளிச் சாவியும் எல்லோரிடமும் இருப்பதில்லையே.

3. பூட்ட வேண்டிய பகுதியைப் பூட்டுங்கள். கணினியில் 'டேட்டா' என்ற பட்டியலில் 'புரொடெக்ட் ஷீட்ஸ் அண்ட் ரேஞ்சஸ்' என்று இருக்கும். தலைப்பு வரி, கூட்டல் கட்டங்கள், முடிந்த மாதங்களின் தாள்கள் ஆகியவற்றை அதில் பூட்டலாம். கை வைத்தால் எச்சரிக்கை மட்டும் காட்டும்படியும் வைக்கலாம், குறிப்பிட்டவர் தவிர யாரும் மாற்ற முடியாதபடியும் வைக்கலாம். எக்செல்லில் 'ரிவியூ' பட்டியலில் 'புரொடெக்ட் ஷீட்' உண்டு. அங்கே ஒரு நுணுக்கம்: எல்லாக் கட்டமும் பூட்டக்கூடியதாகவே தொடக்கத்தில் இருக்கும். எழுத வேண்டிய கட்டங்களின் பூட்டை 'ஃபார்மட் செல்ஸ்' பகுதியில் முதலில் நீக்கிவிட்டு, பிறகு தாளைப் பூட்ட வேண்டும். இந்தப் பூட்டு கைத்தவறைத் தடுப்பதற்கு. ரகசியத்தைக் காக்க இதை நம்பக் கூடாது.

4. புதியவற்றைப் படிவம் வழியாக வாங்குங்கள். களத்தில் விவரம் சேகரிக்கும் வாலிபர்களுக்குக் கூகுள் ஃபார்ம் இணைப்பைக் கொடுங்கள். அவர்கள் நிரப்பி அனுப்பும் ஒவ்வொன்றும் தாளில் புது வரியாகச் சேரும். பழைய வரியைத் தொடும் வாய்ப்பே அவர்களுக்கு இல்லை. அந்தச் சகோதரியின் பெயர் அழிந்தது போன்ற தவறு இந்த முறையில் நடக்காது. கைபேசியில் வேலை செய்பவர்களுக்கு இதுவே மிக எளிது.

5. தெருவுக்கு ஒரு தாள். ஒரே தாளில் எல்லோரும் எழுதாமல் ஒவ்வொரு தெருவுக்கும் தனித் தாள் வைத்து, அந்தத் தெருவின் பொறுப்பாளருக்கு மட்டும் அதைத் திறந்துவிடலாம். மொத்தம் தனித் தாளில் தானாக வரும்படி சூத்திரம் போட்டுக்கொள்ளலாம்.

6. வரிசைப்படுத்தாமல் பாருங்கள். அகர வரிசையில் பார்க்க வேண்டும், ஒரு தெருவை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் 'ஃபில்டர் வியூ' என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். உங்கள் திரையில் மட்டும் வரிசை மாறும். மற்றவர்களுக்குத் தாள் அப்படியே இருக்கும். அதற்குள் எழுத்தை மாற்றினால் அது எல்லோருக்கும் மாறும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

7. எல்லை வையுங்கள். குர்பானியில் ஒரு மாட்டுக்கு 7 பங்கு. பட்டியலில் மாட்டுக்கு 7 வரிகள் மட்டும் திறந்து வைத்து மற்றவற்றைப் பூட்டினால் எட்டாவது பெயர் நுழையாது. பங்கு எண் கட்டத்தில் 'டேட்டா வேலிடேஷன்' மூலம் 1 முதல் 7 வரை மட்டும் ஏற்கும்படி செய்யலாம். தெருப் பெயரைத் தட்டச்சு செய்யவிடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்யலாம்.

8. ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிரந்தர எண் கொடுங்கள். குடும்பத்துக்கு 1, 2, 3 என்று ஓர் எண். வரிசை மாறினாலும் எண் மாறக் கூடாது. 1 முதல் 112 வரை இருக்க வேண்டியதில் 67 இல்லை என்றால், எது போனது என்பது ஒரு நிமிடத்தில் தெரியும்.

9. அழிக்காதீர்கள், கோடு இடுங்கள். ஒரு குடும்பம் ஊரை விட்டுப் போய்விட்டால் வரியை நீக்க வேண்டாம். 'நிலை' என்று ஒரு நெடுவரிசை வைத்து அதில் 'இடம் மாறினார்' என்று எழுதுங்கள். தொகை தவறாக ஏறிவிட்டால் பழைய வரியை விட்டுவிட்டு, கீழே புது வரியில் கழித்துக் காட்டுங்கள். நாம் மேலே சொன்ன ளர்ப் முறை இதுதான். கணக்குப்பிள்ளைகளும் பேரேட்டில் இப்படித்தான் செய்வார்கள்.

அழிந்துவிட்டால் என்ன செய்வது?

பதற்றத்தில் மேலும் எழுதாதீர்கள். மற்றவர்களையும் கொஞ்ச நேரம் கை வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தவறு செய்தது நீங்களே என்றால் உடனே கன்ட்ரோல் இசட் அழுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நேரம் கடந்துவிட்டால், கூகுள் ஷீட்டில் 'ஃபைல்' பட்டியலில் 'வெர்ஷன் ஹிஸ்டரி' என்ற பகுதியைத் திறக்க வேண்டும். எந்த நாள், எந்த நேரம், யார் மாற்றினார் என்பது வண்ணத்தில் தெரியும். அங்கே 'ரிஸ்டோர்' என்று அழுத்தினால் கோப்பு முழுதும் அந்த நேரத்துக்குப் போய்விடும். நேற்று இரவுக்குத் திருப்பினால் இன்று பகலில் மற்றவர்கள் சரியாக எழுதியதும் திரையிலிருந்து மறையும். ஒரு வரியைக் காப்பாற்றப்போய் 30 வரிகளை இழக்கக் கூடாது. ஆகவே பழைய பதிவைத் தனிப் பிரதியாக எடுத்து, அதிலிருந்து காணாமல் போன வரியை மட்டும் எடுத்து இன்றைய தாளில் சேருங்கள்.

ஒரு கட்டத்தைப் பற்றி மட்டும் சந்தேகம் என்றால், கணினியில் அந்தக் கட்டத்தின்மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி 'ஷோ எடிட் ஹிஸ்டரி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அதில் முன்பு என்ன இருந்தது என்று காட்டும். வரியையே நீக்கியது போன்ற சில மாற்றங்கள் அதில் தெரியாது. அதற்கு வெர்ஷன் ஹிஸ்டரிதான் வழி. பங்கீடு தொடங்கும் முன் இன்றைய நிலைக்கு 'பங்கீட்டுக்கு முன்' என்று பெயர் கொடுத்து வைக்கும் வசதியும் அதே பகுதியில் உண்டு.

கூகுள் டிரைவில் கோப்பையே நீக்கிவிட்டால் அது குப்பைத் தொட்டியில் 30 நாட்கள் இருக்கும். அதற்குள் எடுத்துவிட வேண்டும். டிரைவில் ஏற்றிய எக்செல் கோப்பின்மேல் அதே பெயரில் இன்னொன்றை ஏற்றினாலும் பழையது 30 நாட்கள் வரை அங்கே கிடைக்கும்.

இவற்றை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். மாதம் ஒருமுறை கோப்பைத் தரவிறக்கி, ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயரிட்டு, பள்ளிக் கணினியில் ஒன்றும் தனி வட்டு ஒன்றில் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். சந்தா, ஜகாத் போன்ற முக்கியக் கணக்கைத் தாளில் அச்சிட்டு, இருவர் கையெழுத்திட்டு அடுக்கில் வைப்பது இன்னும் நல்லது. அச்சிட்ட தாளில் யாரும் தெரியாமல் ஒட்ட முடியாது.

கோப்பு யாருடையது?

இதைப் பலர் யோசிப்பதில்லை. பெரும்பாலும் கணினி தெரிந்த ஒரு வாலிபர் தன் சொந்த மின்னஞ்சல் கணக்கில் கோப்பைத் தொடங்குகிறார். சில மாதங்களில் அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விடுகிறார். பிறகு அவர் அந்தக் கணக்கைப் பயன்படுத்துவதில்லை. 2 ஆண்டுகள் பயன்படுத்தாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை உள்ளடக்கத்தோடு நீக்கும் விதியைக் கூகுள் வைத்திருக்கிறது. ஜமாஅத்தின் ஏடு அவரோடு போய்விடும். எனவே ஜமாஅத் பெயரில் ஒரு கணக்கு இருக்க வேண்டும். அதன் கடவுச்சொல்லும் மீட்பு எண்ணும் முத்தவல்லி, செயலாளர் இருவரிடம் இருக்க வேண்டும். நிர்வாகம் மாறும்போது சாவிக்கொத்தையும் வங்கிப் புத்தகத்தையும் ஒப்படைப்பது போல இதையும் எழுதி ஒப்படைக்க வேண்டும்.

வக்ஃப் சொத்து ஆவணங்களுக்கு இது இன்னும் அவசியம். 2025 ஜூன் 6 அன்று ஒன்றிய அரசு உமீத் தளத்தைத் தொடங்கி, வக்ஃப் சொத்து விவரங்களை 6 மாதத்துக்குள் பதிவேற்றச் சொன்னது. சர்வே எண், பரப்பளவு, எல்லை ஆகியவற்றைப் பட்டியலாக எடுத்து வைத்திருந்தால்தான் இதுபோன்ற வேலை எளிதாகும். சர்வே எண்ணிலும் கோடு வரும். கணினி அதைத் தேதியாக மாற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. ஜகாத் பெறுவோர் பட்டியலை 'இணைப்பு உள்ள யாரும் பார்க்கலாம்' என்று திறந்து வைக்காதீர்கள். தர்மத்தை மறைத்துக் கொடுப்பதன் சிறப்பை நம் மார்க்கம் சொல்கிறது. வாங்குபவரின் பெயரும் கஷ்டமும் குழுவுக்குக் குழு சுற்றுவது அவரது மானத்தைத் தொடும் காரியம். பெயர் குறிப்பிட்டு அழைத்தவர்கள் மட்டும் திறக்கும்படி வையுங்கள். பெண் உறுப்பினர்களின் தொலைபேசி எண் தேவையில்லாதவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

கணக்கு எழுதுபவரைக் கைவிடாதீர்கள்

தவறு நடந்தால் நம் கூட்டங்களில் முதலில் குரல் உயர்வது அந்த வாலிபர்மேல்தான். அப்படித் திட்டினால் அடுத்த முறை தவறை மறைப்பார்கள். எழுதுபவருக்கு இடையூறு செய்யாதீர்கள் என்ற இறைக்கட்டளையை நினைவில் வைப்போம். 'நான்தான் தவறுதலாக அழித்துவிட்டேன்' என்று ஒருவர் உடனே சொல்லக்கூடிய சூழல் இருந்தால் 5 நிமிடத்தில் சரிசெய்யலாம். மறைத்தால் பெருநாள் கழிந்த பிறகுதான் தெரியும்.

அந்த மஹல்லாவில் இப்போது ரமளான் பிறை 27 அன்று இஷாவுக்குப் பின் பட்டியலைப் பூட்டிவிடுகிறார்கள். அதன்பின் வரும் பெயர்கள் தனித் தாளில் சேரும். பூட்டிய பட்டியலை அச்சிட்டு, இருவர் உட்கார்ந்து ஒருவர் படிக்க ஒருவர் எண்ணைச் சரிபார்க்கிறார்கள். பைகளின் எண்ணிக்கையும் வீடுகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போன பிறகே வண்டியில் ஏற்றுகிறார்கள். கூடுதலாக ஆவது அரை மணி நேரம்.

அந்தச் சகோதரியின் குடும்ப எண் 67. ஒவ்வோர் ஆண்டும் அந்த எண்ணைப் படிக்கும்போது அந்த வாலிபர் கொஞ்சம் நிறுத்திப் படிப்பதை நாம் கவனித்திருக்கிறோம்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களை உரியவர்களிடம் உரிய நேரத்தில் சேர்க்கும் நல்வாய்ப்பை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.